நான் கொண்டாடும் நாவலை ஏன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்?

கேள்வி: ஐம்பத்திரண்டு வயதாகும் நான் திருச்சியில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என் மனத்துக்கு மிக நெருக்கமான நாவல். அம்மாவின் தந்தையாகிய என் தாத்தா, இளம் வயதில் பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கடந்த ஓராண்டில் அந்த நாவலை மூன்று பேருக்குக் கொடுத்தேன். ஒருவர் கல்கியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அலுவலகத் தோழி. இன்னொருவர் செய்தித்தாளைத் தவிர வேறெதையும் தொடாத கொழுந்தனார். மூன்றாவது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள். மூவருமே முப்பது பக்கத்தைத் தாண்டாமல் திருப்பித் தந்துவிட்டார்கள். வருத்தமாகவும், சொல்லப்போனால் சற்று அவமானமாகவும் இருக்கிறது. அம்மாவிடம் கொடுக்கலாம் என்றால் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. பிடித்த நாவலைப் பிறருக்கு எப்படித்தான் பரிந்துரைப்பது? யாருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடிய பத்து நாவல்களின் பட்டியல் ஒன்று தர இயலுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

பட்டியலை முதலிலேயே மறுத்துவிடுகிறேன், மன்னியுங்கள். யாருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடிய நாவல் என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் யாருடைய மனத்திலும் தங்காத நாவலாகவே இருக்கும். நீங்கள் குறிப்பிட்ட மூவரும் மூன்று திசைகளில் நிற்பவர்கள். அவர்களுக்கு ஒரே நூலைக் கொடுத்ததில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நாவலைப் பற்றிய வரிகளைவிடத் தகரப் பெட்டியைப் பற்றிய வரிதான் எனக்கு அதிகம் சொல்லிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலாக வந்தது. இளமையில் இந்தோனேசியாவிலுள்ள மேடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் வேலை பார்த்த ஒருவர், நாடு திரும்பி மதுரையில் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் எழுதியது. ஜப்பானியப் படை நுழையும் நகரத்தையும், செட்டிமார்களின் கடைப் பேச்சையும், மலாய்ச் சொற்களையும், நாயகன் பாண்டியனின் நினைவில் வந்து போகும் மதுரைத் தெருக்களையும், இடையிடையே பழந்தமிழ்ப் பாட்டின் தொனியையும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது நம் மேல் கொட்டுகிறது. நீங்கள் அந்தப் பக்கங்களைக் கடந்தபோது உங்கள் தாத்தா உங்களோடு நடந்துவந்திருக்கிறார். சிறுவயதில் காதில் விழுந்த ஊர்ப்பெயர்கள் அச்சில் எதிர்ப்பட்டபோது உங்களுக்குக் கிடைத்த சிலிர்ப்பு, நூலில் பாதியும் உங்கள் வீட்டில் பாதியுமாக இருந்தது. தோழியின் கைக்குப் போனபோது நூல் மட்டும் போயிற்று, தாத்தா போகவில்லை. திருப்பிக் கொடுத்தவர்கள் உங்கள் ரசனையை இகழ்ந்துவிடவில்லை. அந்த அவமான உணர்வை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆகவே ஒரு நாவலைக் கொடுக்குமுன், அது எவ்வளவு சிறந்தது என்று எண்ணுவதைவிட, வாங்கிக்கொள்பவர் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தெரிந்துகொள்ள, “உங்களுக்கு எந்த நாவல் பிடிக்கும்?” என்று கேட்பது அவ்வளவாகப் பயன்படாது, எல்லோரும் மரியாதையான ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். எந்த நூலைப் பாதியில் வைத்தார்கள், எந்த இடத்தில் வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் பொய் சொல்லாது.

உங்கள் தோழியை எடுத்துக்கொள்வோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரம் வரை காத்திருக்கவைக்கும் ஒரு முடிச்சு இருக்கும். கதைசொல்லி அவ்வப்போது வாசகரின் தோளைத் தொட்டு, “வாருங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்” என்கிற பாவனையில் அழைத்துப் போவார். ஐந்து பாகங்களை அப்படிக் கைப்பிடித்து நடந்து பழகியவரை, கைப்பிடிக்கவே மறுக்கும் சிங்காரத்திடம் அனுப்பினால் அவர் திகைக்கத்தான் செய்வார். கல்கி வாசகரை எப்படியாவது ‘கரையேற்றிவிட’ வேண்டும் என்ற எண்ணம் தீவிர இலக்கிய வாசகர்கள் சிலரிடம் உண்டு. அந்த எண்ணத்தோடு கொடுக்கப்படும் நூல், அட்டையைத் திறக்குமுன்பே கசந்துவிடும். உங்களிடம் அது இல்லை என்றே நம்புகிறேன்.

அவருக்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தைக் கொடுங்கள். அதிலும் கதைசொல்லியின் குரல் உண்டு, பழங்காலமும் உண்டு. ஆனால் அரண்மனை இல்லை. சென்னாதேவி என்ற பேரழகியைத் துலுக்க ராஜாவிடமிருந்து காப்பாற்றத் தெலுங்கு நாட்டிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் கரிசல் காட்டை அழித்து ஊராக்கிய கதையை, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் சொல்லக் கேட்கிறோம். துரத்தப்பட்டு வந்தவர்கள் கடப்பதற்கு ஆற்றங்கரை மரம் வளைந்து பாலமாகும் இடத்தில் உங்கள் தோழி நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: இதில் ஒரே கதை நேராக ஓடாது, பாட்டி பேசுவதைப் போல ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கும். எங்கே தடை வரும் என்று தெரிந்துகொண்டு போகிறவர் அங்கே சோர்ந்து திரும்புவதில்லை. நூலைப் புகழ்வதைவிட இந்த எச்சரிக்கை பெரிய உதவி.

இதில் விமர்சகர் க.நா. சுப்ரமண்யத்திடம் நாம் கற்றுக்கொள்ள இருக்கிறது. சிறந்த நூல்களுக்குப் பட்டியல் போடுகிறார் என்பதற்காகவே வசை வாங்கியவர் அவர். ஆனால் தாம் விரும்பிய நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளின் நூலுக்கு வைத்த தலைப்பு ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதுதான். படியுங்கள் என்ற கட்டளையாக இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியாக அது இருப்பதை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

கொழுந்தனார் விஷயம் எளிது. 2019இல் வந்த ‘அசுரன்’ திரைப்படத்தை அவர் பார்த்திருப்பார் என்றால், அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுங்கள். எதிராளியின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போன சிறுவன் கொலை செய்துவிட்டு ஓடுவதில் தொடங்கி, தந்தையும் மகனும் தலைமறைவாகத் திரியும் எட்டு நாள்களில் அடங்கிவிடும் சிறிய நாவல் அது. கரிசல் வழக்கு முதலில் சற்று இடறும். கதையின் வேகம் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். திரைப்படத்தில் பார்த்தது எது, நூலில் இல்லாதது எது என்று தேடுவதற்காகவாவது படித்து முடிப்பார். அது தாழ்ந்த காரணம் ஒன்றும் இல்லை.

மகளின் நிலை வேறு. தமிழைப் பேசிப் பழகி, ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கண் வேகமாகத் தொடர்வதில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. அவர்கள் அதைத் தங்களுக்கு நாவலில் ஆர்வமில்லை என்பதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நினைத்துவிடுகிறோம். அவருக்கு வேண்டியது சிறிய வாக்கியங்களில் பெரிய விஷயத்தைச் சொல்லும் நூல். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ அத்தகையது. சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு தெரு, சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனா, அவளைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் தங்கை சாயா, அண்டை வீட்டு டீச்சரம்மா என்று அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்த உலகம். குடத்தோடு அலைந்த அனுபவம் அவருக்கு இல்லாவிட்டாலும், கோடையில் லாரி வரும் நேரம் கேட்டுக் காத்திருந்த அனுபவம் இருக்கக்கூடும். மனமுடைந்து போன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி வரும்வரை நீங்கள் எதுவும் பேசாதீர்கள். அதைத் தாண்டிவிட்டார் என்றால் அவரே உங்களிடம் பேச வருவார். முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்கள் உரக்கப் படிக்க அவர் கேட்பதும் நல்லது. காது பழகிவிட்டால் கண் பின்னாலேயே வந்துவிடும்.

இன்னும் ஒன்று, சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன். நூலைக் கொடுத்த பிறகு, வாரம் ஒருமுறை “எத்தனாவது பக்கம்?” என்று விசாரிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதோ என்று கடிதத்தின் தொனியைப் பார்த்து ஐயப்படுகிறேன். மூவரும் நிறுத்திய பக்கம் வரை உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே! கடன் வசூலைப் போன்ற அந்தக் கேள்வியை வங்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், பலர் அந்தச் சுதந்திரத்தினாலேயே முடித்துவிடுகிறார்கள். பிடித்துவிட்டால் இரண்டாவதாக என்ன கொடுக்கலாம் என்று அப்போது எழுதுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ம் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலும் என் மனத்தில் வரிசையில் நிற்கின்றன.

சிங்காரத்தின் நாவலை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அதற்குரிய வாசகர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பினாங்கிலிருந்து வந்த கடிதங்களையும் அந்தத் தகரப் பெட்டியையும் உங்களுக்கு முன்பே அறிந்தவர் உங்கள் அம்மா. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாளுக்கு ஐந்து பக்கமாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தொங்கான் என்னும் சரக்குப் படகில் ஏறிப் பினாங்குக்குப் புறப்பட்டவர்கள் நடுக்கடலில் புயலில் சிக்கும் பகுதியை மட்டும் இடையில் நிறுத்தாமல் படியுங்கள். மற்ற இடங்களில் அவர் குறுக்கிட்டுத் தம் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு நூலை மூடிவிடுங்கள்.