பாப்பாய் கார்ட்டூன்ல பாப்பாயைத் தவிர மத்தவங்கெல்லாம் சும்மா கூட்டத்துக்குத்தானா?

இல்லவே இல்லங்க. அவங்க குடித்தனம் நடத்திட்டு இருந்த வீட்டுக்கு ரொம்ப லேட்டா வந்தவர்தான் பாப்பாய்.

நீங்க டிவில ஓடுன கார்ட்டூனை மட்டும்தான் பாத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன். அதுல காதலி ஆலிவை வில்லன் ப்ளூட்டோ தூக்கிட்டு ஓடுவான், பாப்பாய் கீரை டப்பாவைப் பிதுக்கி வாயில போட்டுட்டு ஒரு குத்து விடுவாரு, கதை முடிஞ்சிடும், அப்போ யாருக்கும் உங்க சந்தேகம் வரத்தான் செய்யும்.

இந்தக் கேள்வியப் பாத்ததும் எங்க ஆபீஸ் ஆண்டு விழா குவிஸ்தான் ஞாபகம் வந்துச்சு. "பாப்பாய்க்கு ஜோடியா உருவாக்குன கேரக்டர் எது"ன்னு கேட்டாங்க. கேள்வியே தப்புன்னு எந்திரிச்சு சொன்னேன். பாப்பாயை வரைஞ்ச சீகர் 1919 டிசம்பர்ல அமெரிக்கப் பேப்பர்ல 'திம்பிள் தியேட்டர்' காமிக்ஸ் ஆரம்பிச்சப்பவே ஆலிவ் ஆயில் இருக்கா, அவ காதலன் ஹாம் கிரேவி. பாப்பாய் வர்றது 1929 ஜனவரில, அதுவும் ஹாமும் ஆலிவோட கூடப்பொறந்த காஸ்டரும் கப்பலுக்கு ஆள் தேடிப் போன எடத்துல. நீ மாலுமியான்னு கேட்டா, பின்ன என்னைப் பாத்தா கவ்பாய் மாதிரியா இருக்குன்னு எரிஞ்சு விழுவாரு, அதான் என்ட்ரி. அந்தக் கதையில குண்டடி பட்டும் அவரு பொழைச்சது கீரையால இல்ல, பெர்னிஸ்ங்கற அதிர்ஷ்டக் கோழியோட தலையைத் தடவித் தடவி. இவ்ளோவும் சொல்றேன், நடத்துனவரு "சார், கார்ட்டூனுக்குப் போயி ஏன் டென்ஷன் ஆகுறீங்க"ன்னு மைக்ல கேக்குறாரு, மொத்த ஹாலும் சிரிக்குது. மார்க் போனா போகட்டும், கேள்வி தப்புன்னு ஒத்துக்கலாம்ல?

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்கு எல்லாருக்கும் மேல விம்பிதான். "செவ்வாக்கெழமை கண்டிப்பா காசு குடுத்துடறேன், இன்னைக்கு ஒரு ஹாம்பர்கர் குடுங்க"ன்னு கேக்குற ஆளு. பேப்பர்ல வந்த விம்பி வெறும் தீனிப் பண்டாரம் இல்லங்க, உங்களை வாத்துக்கறி விருந்துக்குக் கூப்பிடுவான், வாத்தை நீங்களே வாங்கிட்டு வரணும்பான், அதையும் அவ்ளோ மரியாதையா சொல்லுவான். அவனைக் கண்டாலே ஆகாத செருப்புத் தைக்கிற கீசில், கடன் குடுத்தே நொந்துபோன ஹோட்டல்காரர் ரஃப் ஹவுஸ்னு அவனச் சுத்தி ஒரு உலகமே இருக்கு. சீகர் பொறந்த இல்லினாய் செஸ்டர் ஊர்ல விம்பிக்கு சிலையே வெச்சிருக்காங்க.

ஃப்ளைஷர் ஸ்டுடியோ 1933ல ஆரம்பிச்ச பாப்பாய் கார்ட்டூன்களை மட்டம் தட்டுறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, எனக்கும் அது உசுரு. 1936 சிந்துபாத் படத்துல பின்னாடி அத்தனை ரகளை நடக்கும்போது விம்பி பாட்டுக்கு கறி அரைக்கிற மெஷினோட ஒரு வாத்தைத் துரத்திட்டே இருப்பான், அத இப்பவும் ரிவைண்ட் பண்ணிப் பாப்பேன். ஆனா ஏழு நிமிஷப் படத்துல சண்டைக்குத்தான் எடம். அதனால சீகர் 1932ல ஒரே ஒரு கதையில விட்டுட்டுப் போன ப்ளூட்டோ நிரந்தர வில்லன் ஆயிட்டான், காஸ்டரும் ஹாமும் காணாமயே போயிட்டாங்க. ஆர்க்கிட் பூவைத் தின்னுட்டு எதைக் கேட்டாலும் வால்லயே உண்மையான பதில் சொல்ற யூஜின் ஜீப்ங்கற அதிசய மிருகத்துக்கும், ராட்சசியா வந்து பயமுறுத்திட்டு அப்புறம் ஸ்வீ பீ குழந்தையைப் பாத்துக்கற ஆயாவா மாறுற ஆலிஸுக்கும் பேப்பர்ல கிடைச்ச எடம் படத்துல கிடைக்கல.

சீகரோட காமிக்ஸைப் படிக்கணும்னா 2006ல இருந்து வந்த ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகத்தோட தொகுப்பு ஆறு வால்யூம் இருக்கு. நான் வெளிநாட்டுல இருந்து வரவழைச்சேன், கூரியர்காரங்க மழையில கேட்டுக்கு வெளியவே போட்டுட்டுப் போயிட்டாங்க, அட்டை ஊறி உப்பிப் போச்சு. போன் பண்ணா "டெலிவர்ட்னு காட்டுது சார்" இதே பாட்டுதான். அவ்ளோ பெரிய புக்கு, அவ்ளோ காசு, வாசல்ல மணி அடிச்சு கையில குடுக்க என்ன கஷ்டம்? நீங்க வாங்குனீங்கன்னா ஆபீஸ் அட்ரஸ் குடுத்துடுங்க.