வரி அதிகாரி என்று போனில் மிரட்டினால் என்ன செய்வது?

"வரி பாக்கி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கட்டாவிட்டால் கைது" என்று போனில் மிரட்டுகிறார்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சை வளர்க்காமல் போனை வையுங்கள். சந்தேகமாக இருந்தால், வரித்துறையின் இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள். வந்த எண்ணுக்கே திருப்பி அடிக்காதீர்கள். திரையில் அரசு அலுவலக எண் தெரிகிறதே என்றும் நம்பிவிடக் கூடாது; அதைப் போலியாகக் காட்டுவது இந்த மோசடிக்காரர்களுக்குச் சுலபம்.

இவர்கள் உங்களை லைனை விட்டு நகரவே விடமாட்டார்கள். கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு (பணம் கட்டி வாங்கும் பரிசு அட்டை) வாங்கி, பின்புறம் சுரண்டி, அந்தப் பணத்தை எடுக்க உதவும் ரகசிய எண்ணைப் படித்துச் சொல்லும்வரை கூடவே பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடுமே! கிஃப்ட் கார்டில் வரி வசூலிக்கும் அரசு எங்கே இருக்கிறது?

அமெரிக்க வரித்துறை பெயரில் இப்படி மிரட்டிய கால் சென்டர்களை 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த தாணே போலீஸார் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தார்கள். எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கும் சம்பள வேலைதான் அங்கே நடந்தது.

அவர்களைக் கலாய்த்துப் பொழுதுபோக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, உங்கள் எண்ணும் விலாசமும் அவர்கள் கையில் இருக்கலாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? முதலில் வங்கிக்குப் போன் போடுங்கள், அடுத்து சைபர் கிரைம் புகார். அவர்கள் சொல்லி ஏதாவது ஆப் ஏற்றியிருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள்; பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.