வெள்ளை கேன்வாஸைப் பார்த்தாலே கை நிற்கிறதா?

இரண்டடி கேன்வாஸ் வாங்கி மூன்று வாரமாகியும், முதல் கோடே தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் படத்தைத் தொடங்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் பக்கத்தில் ராயபுரம்தான், எனக்கும் இதே வியாதி உண்டு.

முதலில் அந்த வெள்ளையை ஒழித்துக்கட்டுங்கள். அக்ரிலிக் வண்ணத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை எடுத்து, தண்ணீர் விட்டு டீத்தண்ணி நிறத்துக்குக் கரைத்து, பழைய துணியால் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். திட்டுத்திட்டாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த அழுக்குப் பழுப்பின் மேல் ஒரு கோடு கோணலாக விழுந்தாலும் கண்ணை உறுத்தாது, படகின் நீலமும் பளிச்சென்று எழும்பி நிற்கும். மேலே எண்ணெய் வண்ணம் தீட்டுவதானாலும் சரி, அடியில் அக்ரிலிக் தாங்கும். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் போடுவதுதான் கூடாது.

அப்புறம், மொத்தக் காசிமேட்டையும் வரையப் பார்க்காதீர்கள். ஏலக் கூட்டம், ஐஸ் பெட்டி, வலை, காக்கா என்று எல்லாம் சேர்ந்தால் யாருக்குமே கை நடுங்கும். ஒரு விசைப்படகின் அணியம், அதாவது முன்முனை, கீழே தண்ணீரில் ஆடும் அதன் நிழல், போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டு எங்கே வெளிச்சம் எங்கே என்று மட்டும் ஒரு தாளில் உள்ளங்கை அளவில் கரித்துண்டால் நாலு முறை கிறுக்குங்கள். பென்சில் வேண்டாம், அழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

படகின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். நான் ஒருமுறை முதலிலேயே எழுதிவிட்டு, அந்த எழுத்தைக் காப்பாற்றவே ஒரு மாதம் படகைத் தொடாமல் இருந்தேன்.