அமெரிக்க இரவுநேர டிவி தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் கடைசி நிகழ்ச்சியில் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் இசைக்குழு பாடியதைக் கண்டு ரசிகர்கள் ஏன் அவ்வளவு நெகிழ்ந்தார்கள்?

காரணம் அந்த ஒரு இரவில் இல்லை, 15 வருடம் பின்னால் இருக்கிறது.

2000 ஜனவரியில் லெட்டர்மேனுக்கு அவசரமாக இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து பைபாஸ்கள். அதிலிருந்து மீண்டு வர அவருக்குத் துணையாக இருந்த பாட்டு ஃபூ ஃபைட்டர்ஸின் ‘எவர்லாங்’. பிப்ரவரியில் அவர் நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்த முதல் நாளே அவர்கள் வந்து அதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இசைக்குழு தென் அமெரிக்கப் பயணத்தையே விட்டுவிட்டு வந்தது. தனக்கு மிகப் பிடித்த குழு, மிகப் பிடித்த பாட்டு என்று சொல்லித்தான் அவர்களை அறிமுகம் செய்தார்.

சரி, இப்போது 2015 மே 20. லெட்டர்மேனின் 33 வருட இரவுநேர டிவி வாழ்க்கையின் கடைசி நிமிடங்கள். அதே குழு, அதே ‘எவர்லாங்’. திரையில் பெரும்பாலும் அவருடைய நிகழ்ச்சிகளின் பழைய காட்சிகள்தான் ஓடின. குழுவின் பாடகர் டேவ் குரோலின் முகம் அதிகம் தெரியவே இல்லை. ஒரு ரசிகனாக எனக்கு அது குறையாகப் படவில்லை. வழக்கமாக இந்த மேடைக்கு வருபவர்கள் புது ஆல்பத்தை விற்க வருவார்கள். இவர்கள் ஒரு நண்பரை வழியனுப்ப வந்தார்கள். 2000-இல் பார்த்தவர்களுக்கு அது முதல் கிட்டார் ஒலியிலேயே புரிந்துவிட்டது.