அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். 2 வருடம் முன்பு இடது இடுப்பில் மூட்டு மாற்று அறுவை செய்தோம். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் 20 அடி நடப்பார். யாராவது பிடித்துக்கொண்டால் 3, 4 படி ஏறுவார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு. திருகோணமலையின் கோணேஸ்வரம் கோயிலையும் யாழ்ப்பாணத்தின் நல்லூர்க் கோயிலையும் பார்க்க வேண்டும் என்பது அவரது வெகுநாள் ஆசை. நானும் மனைவியும் அவரை அழைத்துக்கொண்டு 7 நாள் இலங்கை போகத் திட்டமிட்டிருக்கிறோம்: கொழும்பு, கண்டி, நுவரெலியா, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம். அங்கே கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? சக்கர நாற்காலியை இங்கிருந்து கொண்டுபோவதா? உறவினர்கள், 'இந்த வயதில் எதற்கு?' என்கிறார்கள்.
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: அம்மாவை அழைத்துக்கொண்டு தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் இந்தப் பட்டியலோடு போகாதீர்கள். 7 நாளில் 6 ஊர் என்றால் கிட்டத்தட்ட தினமும் ஒரு விடுதி. வயதானவர்களைக் களைக்க வைப்பது கார் ஓடும் தூரம் அல்ல, காரில் ஏறுவதும் இறங்குவதும்தான். காலையில் விடுதியில் ஏறுவது, டிபனுக்கு இறங்கி ஏறுவது, கழிப்பறைக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, கோயிலுக்கு, ராத்திரி அடுத்த விடுதியில் இறங்குவது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் ஒரு ஜோடி என்றால் 5 ஜோடி வந்துவிடும். டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து, அம்மாவை உட்காரவைத்து, திரும்ப மடித்து வைக்க ஒவ்வொரு ஜோடிக்கும் 10, 15 நிமிடம் போகும். நேரம் போனால் போகட்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் தேய்ந்த முழங்கால்தான் முழு எடையையும் தாங்குகிறது. நாலாவது முறைக்கு மேல் கால் நடுங்கத் தொடங்கும். களைத்துப்போன அந்த நேரத்தில் விழும் ஆபத்து கூடும். ஊர் மாறும் நாளில் 4 ஜோடி, தங்கும் நாளில் 2 ஜோடி. இந்தக் கணக்கில் நிற்காத எந்த இடத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் போவது சிகிரியா. 1200 படிக்குப் பக்கம், பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது நுவரெலியா. 1868 மீட்டர் உயரம், குளிரில் மூட்டு இறுகும். கண்டியிலிருந்து 75 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்றாலும் வளைந்து வளைந்து போக 3 மணி நேரம் ஆகும். அங்கே போய் அவர் காருக்குள்ளிருந்தேதான் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கண்டியையும் விட்டுவிடலாம். அம்மா கேட்டது இரண்டு கோயில். அதைச் சுற்றியே வழியைப் போடுங்கள்.

விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்குள் போக வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் நீர்கொழும்பில் முதல் இரவு தங்குங்கள். மறுநாள் சிலாபம் போய் முன்னேஸ்வரம் தரிசனம், அங்கிருந்து புத்தளம் வழியாக அநுராதபுரம். மூன்றாம் நாள் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் 2 இரவு. ஐந்தாம் நாள் வவுனியா வழியாக யாழ்ப்பாணம், அங்கே 2 இரவு. நம் ஊர்க் கணக்கை அங்கே போடாதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு அகலமான நெடுஞ்சாலையில் நாலரை மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு அங்கே 6 மணி நேரம் பிடிக்கும். ஊருக்குள் 50, வெளியே 70தான் வேக வரம்பு, பல இடங்களில் சாலையும் 2 வழிதான்.

திரும்புவதற்கு 2 வழி உண்டு. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. தெற்கே 400 கிலோமீட்டர் திரும்ப ஓட வேண்டாம். ஆனால் அது ஏ.டி.ஆர். வகைச் சிறிய விமானம். கதவோடு சேர்ந்த குறுகிய படியில் ஏற வேண்டும், அம்மா ஏறுகிற 3, 4 படியைவிட அது அதிகம். சாய்தளமோ தூக்கியோ உண்டா என்று விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வந்தால் மட்டும் அந்த டிக்கெட் போடுங்கள். வாயால் 'பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னால், அநுராதபுரத்தில் ஒரு இரவு தங்கிக் கட்டுநாயக்கவுக்கே திரும்புங்கள். அதற்காக ஒரு நாள் கூடினால் கூடட்டும்.

திருகோணமலைக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை வானிலை நன்றாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் மழை. ஆனால் ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றி வண்டிகளை விடமாட்டார்கள், மணலில் நாற்காலியின் சிறு சக்கரம் புதையும். கூட்டத்தை அம்மா ரசிப்பார் என்றால் வேறு விஷயம். தரிசனம்தான் முக்கியம் என்றால் மே, ஜூனில் போங்கள்.

நீங்களே ஓட்டலாமா? அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதில் சிரமம் இல்லை. ஆனால் இந்திய உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் மட்டும் போதாது, இலங்கை அதிகாரிகளின் அங்கீகாரமும் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், கோயில் வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு நீங்கள் பார்க்கிங் தேடிப் போனால் அவரைப் பிடித்துக்கொள்ள உங்கள் மனைவி ஒருவர்தான் இருப்பார். தமிழ் பேசும் ஓட்டுநரோடு காரை எடுங்கள். திருகோணமலை, யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் இன்னும் நல்லது. வாடகை பேசும்போதே நாற்காலி ஏற்றி இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த வண்டி என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'வயசானவங்களா, கே.டி.ஹெச். வேன் எடுங்க, தாராளமா இருக்கும்' என்பார்கள். டொயோட்டா ஹையேஸ் வகையான அந்த வேனில் முன் இருக்கை முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது, தாவித்தான் ஏற வேண்டும். தாழ்வான செடான் காரோ இன்னும் மோசம். இடுப்பு மூட்டு மாற்றியவர் உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. அம்மாவைச் செருப்போடு நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதோடு 3, 4 இன்ச் சேர்த்தால் அவருக்கு ஏற்ற இருக்கை உயரம்.  ஹோண்டா வெசல் போன்ற, செடானைவிடச் சற்று உயர்ந்த கார் சரிப்படும். அந்த அளவைச் சொல்லி, இருக்கையை டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்றும் முறை: முன் இருக்கையைக் கடைசி வரை பின்னே தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாயுங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரியுங்கள். அம்மா காருக்கு முதுகைக் காட்டி நின்று, விளிம்பு காலில் படும் வரை பின்னால் வந்து, இடது காலைச் சற்று முன்னே நீட்டி, முதலில் உட்கார வேண்டும். அப்புறம் உடம்பும் 2 காலும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். பை வழுக்கிக் கொடுக்கும். திரும்பியதும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் சரிவார். கதவைப் பிடிக்க விடாதீர்கள், அது ஆடும். கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கினால் தோள் போய்விடும். பிடிமானம் உள்ள அகலமான இடுப்புப் பட்டை மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அதைக் கட்டிப் பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள்.

நாற்காலியை இங்கிருந்தே கொண்டுபோங்கள். பெரிய பின்சக்கரம் வைத்த சாதாரண இரும்பு நாற்காலி 17 கிலோவுக்கு மேல், அகலம் 25, 26 இன்ச். விடுதிக் குளியலறைக் கதவு பல இடங்களில் அந்த அகலம்கூட இருக்காது. பின்னால் ஒருவர் தள்ளும் சிறு சக்கர அலுமினிய நாற்காலி 10, 12 கிலோதான், அகலமும் குறைவு. காற்றடைக்காத கெட்டி டயராக இருக்கட்டும். இறக்கத்தில் எப்போதும் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். கோணேஸ்வரம் மலைமேல் இருக்கிறது, ஏற்றமும் படியும் உண்டு. அங்கே இது தேவைப்படும். வாக்கரும் கூடவே வரட்டும், குளியலறைக்குள் அதுதான் உதவும்.

கோயிலில் இன்னொன்று கவனியுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு மதிய வெயிலில் கல் தளம் சுட்டால் தெரியாது. ராத்திரி பார்த்தால் கொப்புளம் இருக்கும். காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5க்கு மேல் போங்கள். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை போட்டுவிடுங்கள். வெறும் பருத்திக் காலுறை ஈரத்தில் வழுக்கும். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள்.

விடுதியில் 'லிஃப்ட் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்பார்கள். அந்த லிஃப்டுக்குப் போக 5 படி ஏற வேண்டியிருக்கும். ஆகவே தரைத்தள அறை கேட்டு, வாட்ஸ்அப் வீடியோவில் வாசலிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். குளியல் தொட்டிக்குள் நின்று குளிக்கும் அறை வேண்டவே வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறை 15, 16 இன்ச் உயரம்தான் இருக்கும். 4 இன்ச் உயர்த்தும் கமோடு ரெய்சரைப் பெட்டியில் வையுங்கள். சுவரில் ஒட்டும் உறிஞ்சு கைப்பிடியை நம்பி எடையைப் போட விடாதீர்கள், கழன்று வரும்.

வழியில் பெட்ரோல் ஷெட் கழிப்பறைகள் பல இடங்களில் குந்தும் வகை. அதற்குப் பயந்து அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் எல்லாம் அங்கேதான் தொடங்கும். பயண நாளில் பேன்ட் மாதிரி மாட்டும் டயப்பர் போட்டுவிடுங்கள். நல்ல விடுதி தென்பட்டால் 3 டீ சொல்லிவிட்டு அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது, நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், அதனால் மற்ற மாத்திரைகளில் குழப்பம் இல்லை. எல்லா மருந்தையும் இரட்டிப்பாகக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் இருந்தால் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, நிறுத்திய காரிலும் விடக் கூடாது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கட்டும்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் விரிவில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதிக்கு அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரித் தோற்றமுள்ள தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும். காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்பு அறுவை மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள், 48 மணி நேரம் முன்பு உறுதி செய்யுங்கள். படி ஏறுவார், ஆனால் விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடக்க முடியாதவர் என்பதற்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படி ஏற முடியாதவர் என்பதற்கு டபிள்யூ.சி.எச்.எஸ். என்று குறியீடு. அம்மாவுக்கு இரண்டாவதைப் போடச் சொல்லுங்கள். நாற்காலியை ஒப்படைக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கால் தாங்கிகளையும் மெத்தையையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கில் தொலைவது அவைதான். உலோக மூட்டு இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் ஒலிக்கும், அறுவைச் சீட்டு கையில் இருக்கட்டும். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் நெரிசலைத் தாண்டி விடியற்கால விமானம் பிடிப்பதைவிட, முந்தின நாளே போய்த் தேவனஹள்ளிப் பக்கம் தங்கிவிடுங்கள்.

அங்கே ஆம்புலன்ஸ் எண் 1990, இலவசச் சேவை. அம்மா விழுந்து ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் தூக்காதீர்கள், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

டிக்கெட் போடும் முன் ஒரு ஒத்திகை வேண்டும். ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போய் ஒரு இரவு தங்கி வாருங்கள். அதே நாற்காலி, அதே இடுப்புப் பட்டை, அதே கமோடு ரெய்சர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், ஓடும்போதே அம்மா கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும். மறுநாள் காலையில் 2 காலும் லேசாக வீங்கியிருந்தால் நிறுத்தங்களைக் கூட்ட வேண்டும் என்று பொருள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம். எத்தனையாவது ஏற்றத்தில் அம்மா 'கொஞ்சம் இரு' என்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மூன்றாவதிலேயே வந்தால், அநுராதபுரத்திலும் 2 இரவு போட்டுவிட்டு முன்னேஸ்வரத்தை விட்டுவிடுங்கள்.