இலக்கிய முதுமாணியா, கற்பித்தல் முதுமாணியா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவள். 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. மனப்பாடம் செய்ததையே எழுதிவைக்கிறார்கள். இலக்கியத்தில் முதுமாணி செய்தால் இதற்கு உதவுமா? அல்லது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் துறைக்குப் போவதா? தோழி ஒருத்தி அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறாள்.

பதில்: கற்பித்தல் துறைக்குப் போங்கள். இலக்கியம் பயனற்றது என்பதால் சொல்லவில்லை; அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிறப்புப் பட்டம் படித்தபோது ஒரு கவிதையைப் பிரித்து வாசிக்கப் பழகியிருப்பீர்கள். தமிழில் வளர்ந்த பிள்ளை ஆங்கில வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறது, எங்கே இடறுகிறது, அதன் எழுத்தை எப்படி மதிப்பிடுவது என்பதை அந்தப் பட்டம் சொல்லித் தரவில்லை. இலக்கிய முதுமாணியும் சொல்லித் தராது.

திறந்த பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆங்கிலப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் இத்துறைக்கென்றே பட்டப்பின் டிப்ளோமாவும் முதுமாணியும் உண்டு. பேராதனையில் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகத்தில் ஆங்கில முதுமாணி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எத்தனையாவது மட்டம் என்று முதலில் கேளுங்கள். 9ஆம் மட்ட முதுமாணி 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்) கொண்டது, பாடங்களோடு முடிந்துவிடும். 10ஆம் மட்டம் 60 புள்ளிகள், ஆய்வும் சேர்ந்தது. வகுப்பறைக்கு முதலாவதே போதும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி மனத்தில் இருந்தால் ஆய்வு இல்லாத முதுமாணிக்குப் பணம் கட்டாதீர்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை இன்னும் முடிக்கவில்லையா? அப்படியானால் அதுதான் முதலில். ஆசிரியத் தொழிற்தகைமையாகக் கொள்ளப்படுவது அதுவே. எத்தனை இலக்கிய முதுமாணி இருந்தாலும் அதன் இடத்தை நிரப்பாது.

வார இறுதி வகுப்பென்றால் பயணத்தையும் கணக்கில் எடுங்கள். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. மழைக்காலத்தில் இந்த வீதியை நம்பி காலை வகுப்புக்கு நேரம் குறிக்க முடியாது. வெள்ளி இரவு கண்டியில் தங்க உறவினர் வீடு இருந்தால் நல்லது. கொழும்பென்றால் தங்கத்தான் வேண்டும்.

இனி மனப்பாடக் கட்டுரைக்கு வருவோம். இதற்கு எந்தப் பட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றுலா பற்றி எழுதச் சொன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். நுவரெலியாவுக்குப் போனோம், குளிராக இருந்தது, தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம்போல் இருந்தன. எழுதிய பிள்ளை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தது. அதன் அம்மா அந்தக் கம்பளத்துக்குள் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நிற்கிறார். கொழும்பிலிருந்து வேனில் வந்தவரின் கண்ணால் தன் வீட்டு வாசலைப் பார்க்கும்படி டியூஷன் குறிப்பு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிப் பயனில்லை. பிழை விட்டால் சிவப்பு மை, மனப்பாடம் செய்தால் புள்ளி என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

தலைப்பை மாற்றிப் பாருங்கள். மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுப்பது எப்படி? தராசு பக்கம் யார் நிற்கிறார், சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், யார் எழுதுகிறார், அம்மா அப்போது என்ன சொல்வார்? எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைச் சொல்லும் ஒழுங்கும் தலைப்பிலேயே இருக்கிறது. முதலில் தமிழில் பேசவிடுங்கள். வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். பிறகு பத்து வாக்கியம் எழுதட்டும்.

வரும் கொப்பியில் 'மை மதர் டீ பிளக்கர்' என்று ஒரு வரி இருக்கும். 'இஸ்' இல்லை, 'ஏ' இல்லை. கவனக்குறைவு என்று கோடு போட்டுவிடலாம். ஆனால் 'அம்மா கொழுந்து பறிப்பவர்' என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் வேண்டியதில்லை, ஆர்ட்டிகிள் என்பதே தமிழில் கிடையாது. பிள்ளை தனக்குத் தெரிந்த இலக்கணத்தைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறது. நியூயோர்க் சிற்றி கல்லூரியில் மீனா ஷோனெசி செய்த வேலை இதுதான். 1970இல் அங்கே நுழைவு விதிகள் தளர்ந்து, எழுதப் பழகாத மாணவர்கள் பெருவாரியாக வந்தபோது, அவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை வாசித்து, பிழைகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1977இல் நூலாக எழுதினார். இலக்கிய மாணவி கவிதைக்குக் காட்டும் பொறுமையைக் கொப்பிக்கும் காட்டினால் போதும். உங்கள் பட்டம் வகுப்பறையில் உதவும் இடம் இதுவே.

ஆகவே எல்லாப் பிழையையும் திருத்தாதீர்கள். இந்த வாரம் 'இஸ்', 'ஆர்' மட்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அதை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: 'எத்தனை கிலோ கழித்தார்கள்?' பிள்ளை அதே கட்டுரையை இரண்டாம் தடவை எழுதட்டும், புள்ளி இரண்டாவதற்குத்தான். நாற்பது கொப்பிக்கும் இது தாங்கும். முழுத் திருத்தம் தாங்காது. 11ஆம் தரத்தின் கடைசித் தவணையில் மட்டும் இதைத் தொடங்க வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை கழுத்தில் நிற்கும்போது பிள்ளையின் கையிலிருக்கும் மனப்பாடத்தைப் பறிப்பது கொடுமை. 9ஆம் தரத்தில் தொடங்குங்கள்.

அமெரிக்கா பற்றி உங்கள் தோழி சொல்வதில் நியாயம் உண்டு. அங்கே பல பல்கலைக்கழகங்களில் இலக்கியமும் எழுத்துக் கற்பித்தலும் ஒரே ஆங்கிலத் துறைக்குள் இருக்கின்றன. பட்டப்பின் மாணவர்களே முதலாம் ஆண்டு எழுத்து வகுப்பை எடுப்பார்கள்; அந்த உழைப்புக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, உதவித்தொகையும் கிடைக்கும். கலாநிதிப் பட்டத்துக்கே இது பெரும்பாலும். முதுமாணிக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது. உதவித்தொகை எழுத்தில் உறுதியாகாவிட்டால் போக வேண்டாம் என்பது என் கருத்து. மலையகக் குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டக்கூடிய தொகை அல்ல அது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். பரிந்துரைக் கடிதங்களும் உங்கள் சொந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். இத்துறையில் உலகறிந்த ஒருவர் நம்மவர்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா. போர்க்கால யாழ்ப்பாணத்தில் கடதாசிகூட அரிதாக இருந்த சூழலில் ஆய்வு எழுதுவது எப்படியிருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். விண்ணப்பக் கடிதத்துக்கு முன் அதை வாசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் இலக்கியத்தையே கேட்டால், கற்பித்தல் என்று சாக்குச் சொல்லாமல் இலக்கியத்துக்கே போங்கள். ஆனால் ஷேக்ஸ்பியரைப் பற்றி இன்னோர் ஆய்வேடு வேண்டாம். 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றம் சென்ற ஸி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். அந்த ஆங்கிலத்துக்குள் தமிழ் எங்கே ஒலிக்கிறது என்று கேட்கும் காது பேராதனை நூலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. சேர்வதற்கு முன் அவருடைய ஒரு கவிதையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, மேற்பார்வையாளராகக் கொள்ள நினைப்பவருக்கு அனுப்புங்கள். படிப்பு விடுமுறை தேவைப்பட்டால் அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு இப்போதே எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வருவதற்குள் கட்டணத் திகதி கடந்துவிடுவது வழக்கம்.