இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி ஆபீஸ் போடலாமா?

கேள்வி இதுதான்: "குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. இன்னொரு வீடு வாங்கி அதில் ஆபீஸ் போட்டால் வாடகை மிச்சம், வீட்டுக் கடனும் கிடைக்கும், வரியும் குறையும் என்கிறார்கள். சரிதானா?"

உங்கள் ஆபீஸ் ஓனர் வாடகையை ஏற்றியிருப்பார், இல்லை காலி பண்ணச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த யோசனை அப்படித்தான் வந்தது.

திருப்பூரில் சின்னதாக ஒரு பையிங் ஆபீஸ் நடத்துகிறேன். வெளிநாட்டுக்காரர்களின் ஆர்டரை இங்குள்ள பனியன் கம்பெனிகளில் கொடுத்து, சாம்பிள் பார்த்து, தரம் பார்த்து அனுப்பும் வேலை. என்னோடு ஆறு பேர். 2023 கடைசியில் நாலு சென்ட்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை 62 லட்சத்துக்குக் கிரயம் செய்தேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,58,000 ரூபாய். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்றவரின் வருமான வரிக்கு முன்கூட்டியே பிடிப்பது) பிடித்து, 62,000 ரூபாயை விற்றவர் பெயரில் நானே கட்டினேன். அது அவர் பணம்தான், ஆனால் பிடிக்க மறந்தால் நம் தலையில் விழும்.

கடன் விஷயத்தில் நான் நேராகவே போனேன். "குடியிருக்க என்று போடுங்க மேடம், வட்டி கம்மி, யாரும் வந்து பார்க்க மாட்டாங்க" என்றுதான் ஏஜென்ட் சொன்னார். வீட்டுக் கடன் ஒப்பந்தத்தைப் படித்தேன். குடியிருப்பு தவிர வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. போட மனம் வரவில்லை. ஆபீஸுக்குத்தான் என்று சொல்லி ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டிக்கு வாங்கினேன். 'ஊரில் எல்லோரும் செய்வதுதானே' என்று இங்கே சிலர் எழுதுவீர்கள். செய்கிறார்கள், தெரியும். அவர்கள் கணக்கு அவர்களோடு.

ஆனால் கரண்ட் விஷயத்தில் கோட்டை விட்டேன். வாங்கும்போது வீட்டு இணைப்பு. அதை வணிக இணைப்பாக மாற்ற எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வயரிங் பார்த்தவர் "இப்போதைக்கு இருக்கட்டுங்க்கா, சீசன் முடியட்டும்" என்றார், நானும் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் எங்கள் ஆபீஸுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், ஜிஎஸ்டி பதிவில் ஆபீஸ் முகவரியை மாற்றும்போது ஆதாரமாக அந்த மின் கட்டண ரசீதையே ஏற்றியிருந்தேன். இது என் ஆபீஸ் என்று நானே ஒப்புக்கொண்ட காகிதத்தில் வீட்டுக் கட்டணம்.

பதினோராவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மீட்டரைப் பார்த்தார்கள், உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். ஹாலில் வெட்டும் மேஜை. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்டீம் அயர்ன். படுக்கையறைக் கதவைத் திறந்தால் கம்பி நிறைய சாம்பிள் பீஸ், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஸ்டைல் நம்பர் எழுதிய அட்டை. துணியின் நிறம் சரியா என்று பார்க்கும் லைட் பாக்ஸ் அந்த நேரம் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர் எதுவும் பேசாமல் ஒவ்வொன்றாக எழுதினார். ஒரு அதட்டல் கிடையாது. எங்கள் ஆபீஸ் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது "வேண்டாம்மா" என்றார், அவ்வளவுதான். 2003 மின்சாரச் சட்டப்படி, ஒரு வகைக்கு வாங்கிய இணைப்பை வேறு வகைக்குப் பயன்படுத்தினால் பயன்படுத்திய காலம் முழுவதற்கும் இரண்டு மடங்கு கட்டணம். அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டினேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, தப்பு என்னுடையது. 'டாக்டர், வக்கீலெல்லாம் வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லையா' என்று கேட்காதீர்கள். அது குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய 200 சதுர அடி வரையிலான அறைக்குத்தான். யாரும் குடியிருக்காத இரண்டாவது வீட்டுக்குப் பொருந்தாது.

அந்த வாரமே மும்முனை வணிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். சொத்து வரியையும் நானே போய் வணிகத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

வருமான வரிக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். உங்கள் தொழிலையே அங்கே நடத்தினால் அந்தக் கட்டடம் 'வீட்டுச் சொத்து' கணக்கிலேயே வராது. வட்டி முழுவதும் தொழில் செலவு, புதிய வரி முறையிலும் கழியும். இது நல்ல விஷயம். ஆனால் கடனின் அசலுக்குக் கழிவு கிடையாது. தேய்மானம் (கட்டடம் பழசாவதற்காகச் செலவாகக் கழிப்பது) வருடம் 10 சதவீதம், அதுவும் கட்டடத்துக்கு மட்டும், நிலத்துக்கு இல்லை. என் 62 லட்சத்தில் கட்டடம் 18 லட்சம்தான் என்று ஆடிட்டர் பிரித்துக் காட்டியபோது அந்த 10 சதவீதம் 1,80,000 ரூபாயில் நின்றது. விற்கும்போது, தேய்மானம் எடுத்த கட்டடத்தின் லாபம் எத்தனை வருடம் ஆனாலும் குறுகிய கால லாபம்தான். குடியிருந்த வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கும் இதற்கு வராது. நான் சொல்வது தனி நபராகத் தொழில் செய்பவருக்கு. கூட்டு நிறுவனம் என்றால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது. பத்திரம் எழுதும் இடத்தில் "சார் வரலீங்களா?" என்றார்கள். பதிவு அன்றும் அதே கேள்வி. மீட்டர் மாற்ற வந்தவர், தண்ணீர் இணைப்புக்காரர், பெயிண்டர் எல்லோருக்கும் சார் வேண்டும். பணம் என்னுடையது, கடன் என் பெயரில், பத்திரத்தில் என் பெயர். அப்பாவோடு போனால் அவரிடம் பேசுகிறார்கள், அவர் "பொண்ணுகிட்டக் கேளுங்க" என்று கை காட்ட வேண்டியிருந்தது. பதினெட்டு வருடமாக ஏற்றுமதிக் கெடுவில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிற பெண்ணிடம் இப்படிக் கேட்பது வலிக்கிறது. வேறென்ன சொல்ல.

சரி, உங்கள் விஷயம். வாங்குவதென்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு நாள் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள், காலை ஒன்பதரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும். எங்கள் ஆறு வண்டியும், சாம்பிள் கொண்டுவரும் கம்பெனிப் பையன்கள் வண்டியும் நிற்க இடம் இல்லாமல் எதிர்வீட்டுப் பெரியவர் "அம்மிணி, கேட்டு முன்னால நிறுத்தாதீங்க" என்று மூன்று மாதம் சொன்னார். முன்பக்கச் சுவரை இடித்து வண்டி நிறுத்த இடம் விட்ட பிறகுதான் முகம் கொடுத்துப் பேசினார். இப்போது மழை வந்தால் காயப்போட்ட துணியை எங்கள் பெண்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறார்கள்.